விளக்கா, பானையா? தேர்தலைத் தள்ளிவைக்க நடந்த ஒரு வாக்கெடுப்பின் கதை

"மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன சார் கேள்வி?"

எந்த அரசியல் வாக்குவாதத்தையும் முடித்து வைக்க நம்மிடம் இருக்கிற கடைசி அஸ்திரம் இதுதான். பெரும்பாலும் நியாயமான அஸ்திரமும்கூட.

ஆனால் ஒரு நாட்டில் மக்களிடமே போய், "அடுத்த வருஷம் வரவேண்டிய பொதுத்தேர்தல் வேண்டாம், இப்போ இருக்கிற எம்.பி.க்களே இன்னும் 6 வருஷம் இருக்கட்டும், சரிதானே?" என்று கேட்டார்கள். 100க்கு 54 பேர் சரி என்றார்கள். ஏதோ ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ இல்லை. பக்கத்தில், இலங்கையில்.

நாள்: 1982 டிசம்பர் 22. அங்கே இதற்குப் பெயர் சர்வசன வாக்கெடுப்பு. இலங்கை வரலாற்றில் இதுவரை நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பும் அதுதான். ஏன் நடத்தினார்கள், அது செல்லுமா செல்லாதா என்ற சண்டை 40 வருஷம் தாண்டியும் ஓயவில்லை. நீளமான இழை, பொறுமையா படிங்க நண்பர்களே.

கரிவலம்வந்தநல்லூர்ல உட்கார்ந்து சுகரும் பிரஷரும் பார்க்கிற டாக்டருக்கு இலங்கை அரசியல் எதுக்குன்னு சிலருக்குத் தோணும். நம்ம திருநெல்வேலிச் சீமையில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனை, திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனை! என்னிடம் வருகிற வயசானவர்களில் சிலர் இன்னும் "நாங்க கண்டியில இருந்தப்போ" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இந்த வாக்கெடுப்பு பற்றி அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் 1977.

அந்த வருஷம் ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி, அதாவது யூ.என்.பி., வாங்கிய ஓட்டு ஏறத்தாழ 51 சதவீதம். கிடைத்த இடங்கள் 168-ல் 140! எதிரே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சிக்கு 30 சதவீதத்தை ஒட்டி ஓட்டு விழுந்தது. இடங்கள் வெறும் 8. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களோடு பிரதான எதிர்க்கட்சி ஆனது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர்.

பாதிப் பேர் ஓட்டுப் போட்ட கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு நாடாளுமன்றம். நம்ம ஊர்லயும் உள்ள அதே தொகுதி முறையின் விளையாட்டுதான்.

இந்த 140-ஐ மனசுல வச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இந்த எண்ணைக் காப்பாற்றும் கதை என்பது என் வாசிப்பு.

140 கையில் இருந்ததால் 1978-ல் ஜே.ஆர். புது அரசியலமைப்பே எழுதினார். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியை உண்டாக்கி அதில் அவரே அமர்ந்தார். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்தார். தொகுதி முறையை எடுத்துவிட்டு, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் என்ற விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். எந்தக் கட்சியும் இனி மூன்றில் இரண்டு பங்கைச் சுலபமாகத் தொட முடியாது. எதிரிக் கட்சிக்கு அப்படி ஒரு பெரும்பான்மை வரக்கூடாது என்று நினைத்துத்தான் அதைச் செய்தார் என்பார்கள். ஆனா அந்தக் கதவு அவருக்கும் சேர்த்தே பூட்டிக்கொண்டது.

1980 அக்டோபரில் ஸ்ரீமாவோவின் குடியுரிமைச் சலுகைகளை 7 ஆண்டுகளுக்குப் பறித்தார்கள். நாடாளுமன்றத்தில் இருந்தும் வெளியேற்றினார்கள். இருந்த ஒரே பெரிய சிங்களப் போட்டியாளர் களத்திலேயே இல்லை. 1982 ஆகஸ்டில் இன்னொரு திருத்தம் வந்தது. ஜனாதிபதி 4 ஆண்டு முடிந்ததும் விரும்பிய நேரத்தில் தேர்தல் வைத்துக்கொள்ளலாம். வைத்தார். அக்டோபர் 20.

ஜே.ஆருக்கு 34,50,811 ஓட்டு, 52.91 சதவீதம். சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 39 சதவீதம். ஜே.வி.பி.யின் ரோகண விஜேவீரவுக்கு 4 சதவீதம் சொச்சம். குமார் பொன்னம்பலத்துக்கு 2.67.

பெரிய வெற்றிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிகிறது. புதிய முறையில் 196 இடங்கள். 52.91 சதவீதத்தை அப்படியே போட்டால் 104 இடம் வரும். மாவட்டத்துக்கு ஒன்றாகத் தரும் போனஸ் இடங்களைச் சேர்த்தாலும் மூன்றில் இரண்டுக்குத் தேவையான 131-ஐ எட்டுவது கஷ்டம். ஜெயித்துவிட்டு, தான் வைத்திருக்கும் பலத்தை இழக்கப் போகிறார். நினைத்தபோது அரசியலமைப்பை மாற்ற முடியாது.

அப்போது வந்த யோசனைதான் பொதுத்தேர்தலே வேண்டாம் என்பது. 1977 நாடாளுமன்றத்தையே 1989 ஆகஸ்ட் 4 வரை நீட்டிப்போம். மக்களிடம் கேட்டுவிட்டே செய்வோம்.

வெளியே சொன்ன காரணம் வேறு. சுதந்திரக் கட்சிக்குள் ஒரு "நக்சலைட்" கும்பல் இருக்கிறது, என்னையும் அமைச்சர்களையும் கொன்று ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்தது, தேர்தல் வந்தால் அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் வந்துவிடுவார்கள் என்றார் ஜே.ஆர். நடிகர் விஜய குமாரதுங்கவைக் கைது செய்தார்கள். ஸ்ரீமாவோவின் மருமகன், சந்திரிகாவின் கணவர், சிங்கள சினிமாவின் பெரிய நட்சத்திரம். கொப்பேகடுவவுக்காக ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தவரும் அவர்தான். வாக்கெடுப்பு முடியும்வரை உள்ளே இருந்தார். பிறகு விட்டுவிட்டார்கள். சதி என்று சொன்ன எதுவும் நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகவில்லை.

உண்மையிலேயே கொலைச் சதி இருந்திருந்தால், சதிகாரர்களை விசாரித்துத் தண்டிப்பதுதானே வழி? வயித்துவலின்னு வந்தவருக்கு ஸ்கேன் எடுக்காம நேரா காலை வெட்டுற மாதிரி, சதிக்கு மருந்து தேர்தலை எடுத்துவிடுவது என்றால் எங்கேயோ இடிக்குது.

ஆனாலும் ஜே.ஆர். தரப்பு வாதத்தைச் சரியாகச் சொல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது. அவர்கள் சொல்வது இதுதான்.

அரசியலமைப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. நாடாளுமன்ற ஆயுளை 6 ஆண்டுக்கு மேல் நீட்டிக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று 1978 அரசியலமைப்பு சொல்கிறது. இரண்டும் நடந்தது. நவம்பர் ஆரம்பத்தில் 4-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் 142 பேர் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 4 பேர். அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் பார்த்தது. 4-க்கு 3 என்ற கணக்கில், மக்கள் ஒப்புக்கொண்டால் செல்லும் என்றது. மகாவலி அணைத் திட்டம் பாதியில் நிற்கிறது, சுதந்திர வர்த்தக வலயத்துக்கு இப்போதுதான் முதலீடு வருகிறது, நடுவில் ஆட்சி ஆட்டம் கண்டால் எல்லாம் போச்சு என்பது பொருளாதார வாதம்.

இன்னொன்றும் சொல்வார்கள். அது நம்மைக் கொஞ்சம் சுடும். எமர்ஜென்சி காலத்தில் இந்தியாவில் மக்களவையின் ஆயுளை இரண்டு முறை நீட்டித்தார்களே, மக்களிடம் யார் கேட்டார்கள்? 1976-ல் முடிந்திருக்க வேண்டிய மக்களவை, சட்டம் போட்டு 1977 வரை ஓடியது. நாங்கள் குறைந்தபட்சம் கேட்டோமே!

பதில் சொல்லச் சிரமமான கேள்விதான்.

சரி, எப்படிக் கேட்டார்கள்?

அக்டோபர் 20, ஜனாதிபதித் தேர்தல் நடந்த அதே நாள் இரவில் அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது. வாக்கெடுப்பு நடந்த டிசம்பர் 22 அன்றும் அது அமலில்தான் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகை அச்சகத்துக்குச் சீல். கம்பஹாவில் ஒரு அச்சகத்தில் "இல்லை" என்று ஓட்டுப் போடச் சொல்லி மதகுருமார்கள் அமைப்பு ஒன்று அடித்து வைத்திருந்த 20,000 துண்டுப் பிரசுரங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

இந்தப் பிரசுர வழக்கின் முடிவைக் கேளுங்க. பிக்கு ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம், இது பேச்சுரிமை மீறல், 10,000 ரூபாய் நஷ்டஈடு கொடு என்றது. அப்போது வாக்கெடுப்பு முடிந்து சில வாரம் ஆகிவிட்டது. அரசாங்கம் என்ன செய்தது? அந்தப் பணத்தை அரசே கட்டியது. பிரசுரத்தைப் பறித்த போலீஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

ஓட்டுச்சீட்டில் வேட்பாளர் கிடையாது. 4-ஆவது திருத்த மசோதாவுக்கு ஒப்புதலா என்பதுதான் கேள்வி. "ஆம்" என்றால் விளக்கு சின்னம். "இல்லை" என்றால் பானை. நம்ம ஊர்ப் பாட்டிகிட்ட விளக்கு வேணுமா பானை வேணுமான்னு கேட்டா என்ன சொல்வாங்க? விளக்கை வேண்டாம்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? இதை ஒரு பெரிய சதியாக நான் சொல்லவில்லை. ஆனா சின்னம் ஒதுக்கினவங்களுக்கு மக்கள் மனசு தெரியாமலும் இருந்திருக்காது.

விளக்குச் சின்னம் தெருவெல்லாம் தொங்கியது. பானைச் சின்னத்துக்கு ஆள் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. சுதந்திரக் கட்சிக்குள் அப்போது தலைமைச் சண்டை வேறு. ஓட்டுச்சாவடிகளில் எதிர்த்தரப்பு ஏஜென்டுகளை விரட்டியது, ஆள்மாறாட்டம், போட்ட சீட்டைத் திறந்து காட்டச் சொன்னது என்று புகார்கள் குவிந்தன. இவற்றை எதிர்க்கட்சி மட்டும் சொல்லவில்லை. வாக்கெடுப்பை நடத்திய தேர்தல் ஆணையாளர் சந்திரானந்த டி சில்வாவே தன் அதிகாரபூர்வ அறிக்கையில் முறைகேடுகளைப் பதிவு செய்திருக்கிறார். அந்த அறிக்கை வெளிவந்தது 1987-ல். நோயாளி போய்ச் சேர்ந்து 5 வருஷம் கழிச்சு வந்த லேப் ரிப்போர்ட்!

முடிவு: ஆம் 31,41,223. இல்லை 26,05,983. சதவீதத்தில் 54.66-க்கு 45.34.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஜே.ஆருக்கு விழுந்ததைவிட விளக்குக்கு விழுந்தது 3 லட்சத்துக்கும் மேல் குறைவு. ஓட்டுப் போட வந்தவர்களும் 81 சதவீதத்தில் இருந்து 71-ஆக இறங்கினார்கள். மொத்த வாக்காளர்கள் 81 லட்சத்துக்கு மேல். அதில் விளக்குக்குப் போட்டவர்கள் 100க்கு 39 பேருக்கும் குறைவு.

இதை வைத்து "பெரும்பான்மை மக்கள் ஆதரிக்கவே இல்லை" என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் பிடிப்பதில்லை. வராதவர்களை எல்லாம் "இல்லை" கணக்கில் சேர்க்க ஆரம்பித்தால் உலகத்தில் ஒரு தேர்தலும் தேறாது. அதேபோல "கள்ள ஓட்டு இல்லையென்றால் பானைதான் ஜெயித்திருக்கும்" என்பதையும் யாராலும் நிரூபிக்க முடியாது. வித்தியாசம் 5,35,000 ஓட்டு. கள்ள ஓட்டு நடந்தது நிச்சயம். 5 லட்சத்துக்கு மேல் நடந்ததா என்பது வேறு கேள்வி.

என் குறை எண்ணிக்கையில் இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் தமிழர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பார்க்கணும். நம்மில் பலருக்கு இது புதுசா இருக்கும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 100க்கு 91 பேர் பானை. அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜனாதிபதித் தேர்தலில் அதே யாழ்ப்பாணத்தில் கொப்பேகடுவவுக்கு கணிசமான ஓட்டு விழுந்தது. தமிழ் மாவட்டத்தில் சிங்களக் கட்சிக்காரருக்கா? காரணம் வெங்காயமும் மிளகாயும். ஸ்ரீமாவோ ஆட்சியில் இறக்குமதிக்குத் தடை இருந்ததால் யாழ்ப்பாணத்து விவசாயி சின்ன வெங்காயத்துக்கும் வத்தலுக்கும் நல்ல விலை பார்த்தார். ஜே.ஆர். சந்தையைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது. சங்கரன்கோவில் பக்கம் வெள்ளாமை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மலையகம் வேறு பக்கம் நின்றது. தோட்டத் தொழிலாளர்களின் மாபெரும் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் ஜே.ஆர். அமைச்சரவையில் இருந்தார். அவருடைய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விளக்கு பக்கம். 1948-ல் இதே யூ.என்.பி. அரசுதான் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது, அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போனது. 1964-ல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆனது. இரண்டு கட்சிகளுமே அவர்களுக்குக் கெடுதல் செய்தவைதான். 1970-களின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளைப் பார்த்தவர்களுக்கு ஸ்ரீமாவோ ஆட்சியின் நினைப்பே கசந்தது. ஜே.ஆர். காலத்தில் கடையில் அரிசியும் மாவும் இருந்தது.

எனக்குத் தெரிந்த இரண்டு பெரியவர்கள், இருவரும் நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். ஒருவர், "தலைவர் விளக்குன்னாரு, நான் விளக்குக்குப் போட்டேன், இன்னிக்கு கேட்டாலும் விளக்குதான், எங்களுக்குப் பிரஜாவுரிமை வாங்கித் தந்தது யாரு?" என்பார். இன்னொருவருக்கு ஓட்டே இல்லை. நாடற்றவர் பட்டியலில் இருந்தவர். "ஓட்டு இல்லாதவன்கிட்ட யாரு வந்து விளக்கா பானையான்னு கேட்டா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1983 கலவரத்துக்கு அப்புறம் ரெண்டு குடும்பமும் கடல் தாண்டி வந்ததுதான்.

முதலாமவர் சொல்வதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். தன் வீட்டு அடுப்பை வைத்து ஓட்டுப் போட்டார். எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம்.

இப்போ என் குறைக்கு வரேன். எங்க தொழில்ல ஆபரேஷனுக்கு முன்னாடி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்து இருந்தா மட்டும் ஒப்புதல் ஆகிவிடாது. என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா என்று புரிகிற மொழியில் சொல்லியிருக்கணும். இன்னொரு டாக்டரிடம் கேட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து போகச் சுதந்திரம் இருக்கணும். மயக்க ஊசி போட்ட பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது. இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்தி வாங்கியதும் செல்லாது. கையெழுத்து அசலாகவே இருக்கலாம். அதில் போலி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது ஒப்புதல் ஆகாது.

1982-ல் 31 லட்சம் பேரும் உண்மையாகவே விளக்குக்குப் போட்டதாக வைத்துக்கொள்வோம். நிரூபிக்காத ஒரு சதியைச் சொல்லிக் கேட்டார்கள். எதிர்த்துப் பேசும் பத்திரிகைக்குச் சீல் வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவசரகாலச் சட்டத்துக்கு நடுவில் கேட்டார்கள். "இல்லை" சொல்லும் காகிதத்தைக்கூட அச்சகத்திலேயே பறித்தார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த ஒப்புதலைத் திரும்ப வாங்க வழி இல்லை. சாதாரணத் தேர்தலில் தப்பான ஆளுக்குப் போட்டால் 5, 6 வருஷத்தில் திருத்திக்கொள்ளலாம். இங்கே கேட்டதே அந்தத் திருத்தும் உரிமையைத்தான். 1977-க்குப் பிறகு 18 வயசான ஒரு இளைஞனையும் அது கட்டிப் போட்டது. 1977 ஜூலைக்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது 1989 பிப்ரவரி 15. ஏறக்குறைய 11 வருஷம் 7 மாதம். 1977 கடைசியில் 18 முடிந்தவர் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டபோது அவருக்கு வயது 29.

ஜே.ஆருக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். அதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் விஷயம். 1970-ல் 5 ஆண்டுக்குத் தேர்வான ஸ்ரீமாவோ அரசு, 1972-ல் புது அரசியலமைப்பு எழுதும் சாக்கில் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. அதைக் கண்டித்து, மக்கள் கொடுத்த காலம் முடிந்துவிட்டது என்று 1975-ல் கொழும்பு தெற்குத் தொகுதியை ராஜினாமா செய்தவர் யார் தெரியுமா? இதே ஜே.ஆர். ஜெயவர்த்தனா! இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தும் வந்தார். 2 வருஷ நீட்டிப்புக்குப் பதவியைத் தூக்கி எறிந்தவர், 7 வருஷம் கழித்து 6 வருஷ நீட்டிப்பு எடுத்தார்.

தந்தை செல்வாவும் இதே வழியில் ஒன்று செய்தார். 1972 அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கவில்லை என்று காட்ட காங்கேசன்துறைத் தொகுதியை ராஜினாமா செய்து, முடிந்தால் என்னோடு போட்டி போடுங்கள் என்றார். அந்த இடைத்தேர்தலை அரசு இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பிப்ரவரியில்தான் நடத்தியது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 1977 தேர்தலையே கூட்டணி, தனி நாட்டுக்கான மக்கள் தீர்ப்பாக அறிவித்துத்தான் சந்தித்தது. அதுவும் வாக்கெடுப்பா என்று கேட்பவர்கள் உண்டு. தொகுதிக்கு ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுத்த ஓட்டை நாடு பிரிக்கும் ஓட்டாக எண்ணலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். தமிழர் பக்கம் நிற்பதால் அதைக் கேட்காமல் விட முடியாது.

மற்ற ஊர்க் கதைகளைப் பார்த்தாலும் ஒரே சூத்திரம் கிடைக்கவில்லை. நம்ம புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவோடு சேர்ந்தது 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பால். பொதுமக்கள் ஓட்டே போடவில்லை. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் போட்டார்கள், 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. முறையாகப் பார்த்தால் இலங்கையில் நடந்ததைவிடக் குறைவான ஜனநாயகம். ஆனாலும் அதன் முடிவைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் 2016-ல் பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் முழுசா இருந்தும், 52-க்கு 48 என்று வந்த பிரெக்சிட் முடிவைப் பற்றி வீட்டுக்கு வீடு சண்டை.

1982-க்குப் பிறகு நடந்தவை வேகமாக வந்தன. தங்கள் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். வாங்கி வைத்திருந்தார். 1983 மே 18-ல், யூ.என்.பி. கையில் இருந்தும் வாக்கெடுப்பில் கைவிட்ட தொகுதிகளில் 18-க்கு இடைத்தேர்தல் வைத்து, 14-ல் ஜெயித்தார்கள். அதே நாளில் வடக்கில் நடந்த உள்ளாட்சித் தேர்தலின்போது கந்தர்மடத்தில் ஒரு ராணுவ வீரர் கொல்லப்பட, வீடுகள் எரிந்தன. ஜூலை கடைசியில் கறுப்பு ஜூலை. ஆகஸ்டில் 6-ஆவது திருத்தம்: தனி நாடு கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் எம்.பி.யாக இருக்க முடியாது. கூட்டணி எம்.பி.க்கள் ஏற்கனவே, எங்களுக்கு மக்கள் கொடுத்தது 6 ஆண்டுதான், நீட்டித்த காலத்தில் உட்கார மாட்டோம் என்ற நிலையில் இருந்தவர்கள். அக்டோபரில் அவர்கள் இடங்கள் எல்லாம் காலியாயின. நீட்டித்த நாடாளுமன்றத்தில் வடக்கின் குரல் என்று ஒன்று இல்லாமலே போனது.

ஜே.வி.பி.யையும் ஜூலை கலவரத்தைச் சாக்காக வைத்துத் தடை செய்தார்கள். ஜனாதிபதித் தேர்தலில் 2,73,000 ஓட்டு வாங்கிய கட்சி, 1983-ல் விகிதாசாரப்படி பொதுத்தேர்தல் நடந்திருந்தால் சில இடங்களோடு உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். அது தலைமறைவாகி, 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கியதிலும் பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் செத்தார்கள்.

இதையெல்லாம் வாக்கெடுப்பு மட்டுமே உண்டாக்கியது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981-ல். தரப்படுத்தல், தனிச்சிங்களச் சட்டம் எல்லாம் அதற்கும் முன்னால். போர் வருவதற்கான விறகு ஏற்கனவே அடுக்கியிருந்தது. ஆனால் பிரஷர் குக்கரில் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடும் வேலையைத் தேர்தல் செய்கிறது. அந்த ஓட்டையை 6 வருஷத்துக்கு அடைத்ததில் டிசம்பர் 22-க்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க என்னால் முடியாது.

இனி கடைசிச் சிக்கல். தமிழர் பக்கம் நின்று "அந்த வாக்கெடுப்பு செல்லாது, அந்த நாடாளுமன்றமே செல்லாது" என்று பேசுபவர்கள் பெரும்பாலும் தொடாமல் போவது.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த, தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிய 13-ஆவது திருத்தம் இருக்கிறதே, ராஜீவ்–ஜே.ஆர். ஒப்பந்தத்தின் பலன், டெல்லி இன்றுவரை கொழும்பிடம் நினைவுபடுத்திக்கொண்டே இருப்பது. அது நிறைவேறியது 1987 நவம்பரில். நிறைவேற்றியது 1982-ல் நீட்டித்த அதே நாடாளுமன்றம். ஜே.ஆர். பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அதே பெரும்பான்மை. 1983-ல் முறையாகத் தேர்தல் நடந்து அவர் மூன்றில் இரண்டை இழந்திருந்தால், அன்றைய சுதந்திரக் கட்சியும் ஜே.வி.பி.யும் தெருவில் இறங்கி எதிர்த்த அந்தத் திருத்தம் நிறைவேறியிருக்குமா?

இதிலும் ஒரு வேடிக்கை. 13-ஆவது திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு தேவையா என்று உச்ச நீதிமன்றத்தில் கேள்வி வந்தபோது, 5 ஆண்டுக்கு முன் "மக்களிடமே கேட்போம்" என்ற அரசு, இப்போது மக்களிடம் கேட்கத் தேவையில்லை என்று வாதாடியது. 9 நீதிபதிகளில் 5 பேர் அரசுக்குச் சாதகம், 4 பேர் எதிர். தப்பித்தது. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஜே.ஆருக்குத் தெரியும்.

அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொரு வாக்கெடுப்பும் எழுதியிருந்தது. வடக்கோடு சேர்ந்திருக்க விருப்பமா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 டிசம்பர் 31-க்குள் கேட்க வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாகாணம், யாருக்கும் தனிப் பெரும்பான்மை உறுதி இல்லை. அதை ஜனாதிபதிகள் ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று பிரித்தது. கிழக்கு மக்களிடம் யாரும் கடைசிவரை விளக்கா பானையா என்று கேட்கவே இல்லை.